அலை உடைந்து பதினைந்து நொடி கழித்து

கடற்கரைக் கோயிலை லைவில் அனுப்புவது ஒரு செல்போனுக்குப் பெரிய வேலையே இல்லை. கடலை அனுப்பச் சொன்னால்தான் திணறிப்போகிறது.

போனில் இருக்கும் கேமரா நொடிக்கு 30 படம் பிடிக்கிறது. முப்பதையும் முழுசு முழுசாக அனுப்பினால் எந்த டவரும் தாங்காது. அதனால் உள்ளே இருக்கும் என்கோடர் ஒரு படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் எங்கே மாற்றம் இருக்கிறதோ அதை மட்டும் குறித்து அனுப்புகிறது. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை மறுபடி ஒரு முழுப்படம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய விமானம் அந்த இரண்டு நொடிக்குள் எங்கும் போய்விடாது. பிடித்திருக்கும் கை கொஞ்சம் ஆடினாலும், கல் மொத்தமாக இவ்வளவு நகர்ந்தது என்று ஒரே வரியில் கணக்கு முடிந்துவிடும். அலை அப்படியா? ஒவ்வொரு படத்திலும் நுரை வேறு இடத்தில், வேறு உருவத்தில். முந்தைய படத்தை வைத்து அடுத்ததை ஊகிக்க வழியே இல்லை. சிக்னல் இறங்கினால் முதலில் பலியாவது இந்த நுரைதான். விமானம் கூர்மையாக நிற்கும். கடல் சாம்பல் நிறச் சதுரங்களாக உடைந்து கரைக்கு வரும். மாமல்லபுரத்திலிருந்து போடப்படும் லைவ்களை உற்றுப் பார்த்தால் இது தெரியும். 1,300 வருடக் கல்லுக்கு டேட்டா செலவு ஏறக்குறைய கிடையாது. காசெல்லாம் தண்ணீரில்தான் போகிறது.

சத்தத்துக்கும் இதே கதி. வீடியோ காலில் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, விடாமல் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும் ஓசையை இரைச்சல் என்று வடிகட்டுவதற்கு மென்பொருள் இருக்கிறது. அதற்குக் கடலும் ஏசியும் ஒன்று. கடற்கரையில் நின்று கத்திக் கத்திப் பேசுகிறவர்களை ஊரில் இருப்பவர்கள் “ஏன்டி கத்துற, நல்லாத்தானே கேக்குது” என்று அதட்டுவதற்குக் காரணம் இதுதான். இவர்களுக்குக் கேட்கும் கடல் அவர்களுக்குக் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி வாக்கில் அந்த மணலில் பிறந்த ஒரு லைவின் கதை. போட்டவள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. மகேந்திரா சிட்டி பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் போன் பூட்டும் வேலை, சிங்கப்பெருமாள்கோவிலில் ஹாஸ்டல். வார விடுமுறை ஒன்றாக அமைந்துவிட்ட அறைத்தோழிகள் மூன்று பேரோடு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்திருந்தாள். (திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிப்பொழுதுக்குக் கழுகு வந்து குருக்கள் கையால் சோறு தின்னும் என்று ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போய்க் காத்திருப்பார்கள். குறித்த நேரம், குறித்த இடம், வருமா வராதா என்ற பதற்றம். 1990களின் கடைசியோடு கழுகு வருவது நின்றுபோயிற்று. இந்தப் பெண்களுக்கு அது பஸ் நிற்கும் ஓர் ஊர், அவ்வளவுதான்.)

கோயிலுக்குள் அவர்கள் போகவில்லை. ஆளுக்கு 40 ரூபாய் டிக்கெட். முன்பே ஒரு தடவை பார்த்தாயிற்று. வேலிக்கு வெளியே, ஃபைபர் படகுகளை ஏற்றி வைத்திருக்கும் மணலில் நின்றால் விமானம் பின்னால் தெரியும், கடல் பக்கவாட்டில் வரும். ஒருத்தி துப்பட்டாவைச் சரிசெய்தாள். இன்னொருத்தி மிச்சமிருந்த மாங்காய்ப் பத்தையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “போடப்போறேன், போடப்போறேன், எல்லாரும் இங்க பாருங்க” என்று ஃபேஸ்புக்கில் லைவ் போட்டாள். ஏன் ஃபேஸ்புக் என்று பிறகு கேட்டேன். “இன்ஸ்டாவுல பசங்கதான் சார் இருப்பாங்க. சித்தப்பா, அத்தை, மாமா எல்லாம் ஃபேஸ்புக்குலதான்.”

அவள் கையில் இருந்த போன் அவள் செய்த போன் அல்ல. தவணையில் வாங்கியது, விலை குறைந்த ஆண்ட்ராய்டு. மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் பெகட்ரான் 2022 செப்டம்பரில் ஐபோன் தொழிற்சாலையைத் திறந்தது. 2025 ஜனவரியில் அதன் 60 சதவீதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் அதற்கும் முந்தையது, அதைவிடப் பெரியது. இங்கே பூட்டப்படும் போன்களில் பெரும்பகுதி விமானம் ஏறிவிடுகிறது. எங்கோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரையில் யாரோ லைவ் போடும் கருவிக்குக் கடைசித் திருகை முடுக்கிய கை சிங்கப்பெருமாள்கோவில் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருக்கலாம்.

செல்போனில் லைவ் என்கிற யோசனைக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு, நேரடியாக இல்லாவிட்டாலும். நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வேலைக்குப் போய்வந்த காலம் அது. அதே 2006இல் ராமு சுங்கரா, பாஸ்கர் ராய், நிக்கோலாய் அப்கைரோவ் என்ற மூவர் அமெரிக்காவில் க்விக் என்றொரு நிறுவனம் ஆரம்பித்தார்கள். நோக்கியா என்95 போன்ற ஒரு போனைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே இணையத்தில் படம் காட்டலாம் என்பது அவர்கள் சரக்கு. 2011இல் ஸ்கைப் அதை வாங்கியது, பிறகு மூடிவிட்டது. நோக்கியா ஆலையும் 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு நின்றது. கருவியும் இருந்தது, யோசனையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓட வேண்டிய டேட்டாதான் நம்மிடம் இல்லை. 1 ஜிபி 250 ரூபாய்க்கு விற்ற ஊரில் கடலைக் காட்ட யாருக்கு மனசு வரும்?

டேட்டா 2016 செப்டம்பர் 5ஆம் தேதி வந்தது, ஜியோ ரூபத்தில், இலவசமாக. அதற்கு முந்தைய வருடம் பெரிஸ்கோப் என்ற லைவ் செயலி, 2016லேயே ஃபேஸ்புக்கில் எல்லோருக்கும் லைவ், நவம்பரில் இன்ஸ்டாகிராமில். ஜியோ வந்த நாலே மாதத்தில், 2017 ஜனவரியில், மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். 17ஆம் தேதி இரவு விளக்கை அணைத்தபோது ஆயிரக்கணக்கான செல்போன் டார்ச்கள் எரிந்தனவே, அந்தப் போன்களில் பாதி இலவச டேட்டாவில் ஓடியிருக்கும். தமிழ்நாடு லைவ் போடக் கற்றுக்கொண்டது அந்த ஒரு வாரத்தில்தான் என்பது என் கணக்கு. 23ஆம் தேதி காவல்துறை கலைக்க வந்த காலையில் டிவி வேனுக்கு முன்னாலேயே பையன்கள் போனில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் முன்பு மாமல்லபுரம் எப்படி ஊர் ஊராகப் போனது என்று பார்த்தால், லைவின் வேகத்தை விடவும் அதன் சரக்கு எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யமாகத் தெரிகிறது. வில்லியம் சாம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1772இலும் 1776இலும் இங்கே வந்து பார்த்தார். அவர் எழுதியது கல்கத்தாவின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் அச்சானது 1788இல். கண்ணால் கண்டதற்கும் காகிதத்துக்கும் இடையில் 12 வருடம். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1790களின் தொடக்கத்தில் வந்து பாறைகளையும் மண்டபங்களையும் வரைந்தார்கள். இங்கிலாந்துக்குத் திரும்பிப்போய் செப்புத்தகட்டில் செதுக்கி, வண்ணமேற்றி, 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ வரிசையில் சேர்த்தார்கள். ராபர்ட் சவுதி என்ற ஆங்கிலக் கவிஞர் இந்தியாவுக்கே வந்ததில்லை. சாம்பர்ஸைப் படித்துவிட்டு, கடலில் மூழ்கிய மகாபலிபுரத்தை 1810இல் தன் காவியத்துக்குள் வைத்துவிட்டார். இவர்கள் அனுப்பிய சரக்கு கல். ஆள் வந்தால், அளவுக்காக ஓரத்தில் நிறுத்திய ஆள். ‘இந்தக் கல் எவ்வளவு பெரியது பாருங்கள்’ என்பதற்குத்தான் அந்த மனிதன்.

2019 அக்டோபர் 11ஆம் தேதி மோடியும் ஷி ஜின்பிங்கும் இங்கே உலாவியபோது உலகமே நேரலையில் பார்த்தது. அதுவும் அந்தப் பழைய வகைதான், இரண்டு ஆள் கூடுதலாக. அதற்குப் பிறகு கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து என்ற உருண்டைப் பாறைக்கும் தொல்லியல் துறை கட்டணம் வைத்தது. அதுவரை ஊர்ப் பிள்ளைகள் காசில்லாமல் வழுக்கி விளையாடிய பாறைச் சரிவு. உலகம் பார்த்துவிட்டால் விலை ஏறத்தானே செய்யும்.

அந்தப் பெண்ணின் லைவில் கல் பின்னால் நின்றது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் கமெண்ட் வர அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடத்தில் படம் எங்கெல்லாம் போனது? போனிலிருந்து டவருக்குப் போவதுதான் இருப்பதிலேயே கடினமான கட்டம். டவர்கள் எல்லாம் ஜனங்கள் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை, அனுப்புவதற்காக அல்ல. 5ஜி அலைவரிசையில் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, பெரும்பங்கைக் கீழிறக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, சின்னப் பங்கைத்தான் மேலேற்றத்துக்குத் தருகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து சினிமா பார்க்கும் ஊருக்கு அது சரி. காணும் பொங்கலன்று மாமல்லபுரத்துக்கு அது சரிப்பட்டு வராது. அன்றைக்கு மணலில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அனுப்புகிறவர்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். நான் சொல்லும் ஞாயிறு அவ்வளவு மோசமில்லை. இருந்தும் கடல் இரண்டு தடவை சதுரமாயிற்று.

டவரிலிருந்து கண்ணாடி இழை. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் வெறும் தார்ச்சாலைகள் அல்ல; ஓரத்து மண்ணுக்குள் கேபிள் ஓடுகிறது. வழியில் சிறுசேரி சிப்காட்டில் தரவு மையங்கள் நிற்கின்றன. ஜன்னல் குறைந்த பெரிய கட்டடங்கள், உள்ளே கம்ப்யூட்டர்களைக் குளிரவைக்கவே தனி மின்சாரம். போன் பூட்டும் ஆலை, பல்லவர் கோயில், தரவு மையம், கல்பாக்கம் அணுமின் நிலையம் எல்லாம் 2019 நவம்பர் 29ஆம் தேதி காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடுவது கொஞ்சம் அதிசயம்தான்.

சென்னையில் கரையேறும் கடலடிக் கேபிள்களில் ஐ2ஐ என்பது 2002இல் போட்டது, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் சுமார் 3,200 கிலோமீட்டர். 2004இல் டாடாவின் கேபிள் ஒன்று அதே வழியில். 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு ஒன்று. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் ஆசியாவில் தனக்கென்று கட்டிக்கொண்ட தரவு மையம் சிங்கப்பூரில் இருக்கிறது. ஆக, மாமல்லபுரத்து மணலில் நிற்கும் பெண்ணின் முகம் வங்கக் கடலுக்கு அடியில் சிங்கப்பூர் போய், அங்கே பெரிய திரைக்கு ஒன்று, சின்னத் திரைக்கு ஒன்று, மோசமான சிக்னலுக்கு ஒன்று என்று பல தரத்தில் நறுக்கப்பட்டு, மறுபடி கடல் தாண்டிப் புதுக்கோட்டைக்கு வருவது நடக்கக்கூடியதுதான். அவளுடைய சித்தப்பா சிங்கப்பூரிலேயே கட்டட வேலையில் இருக்கிறார். அங்கே அப்போது மணி ஏழு. ஞாயிறு என்பதால் டார்மிட்டரியில் இருந்தார். கமெண்ட்டில் முதலில் வந்தவர் அவர்தான். “என்னம்மா இளைச்சிட்ட.”

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூர் வரைக்கும் 16 மில்லி நொடி. போய்த் திரும்பினாலும் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. அப்படியிருக்க சித்தப்பா பார்க்கும் அலை ஏன் பத்து, பதினைந்து நொடி பழசாக இருக்கிறது? கடல் அகலமாக இருப்பதால் அல்ல. பார்ப்பவரின் போன் வேண்டுமென்றே காத்திருக்கிறது. வீடியோ சில நொடித் துண்டுகளாக வருகிறது. வந்த உடனே போட்டுவிட்டு அடுத்தது தாமதமானால் படம் நின்றுவிடும். பந்தியில் முதல் வரிசை உட்காரும் முன்பே இரண்டு அண்டா சோறு வடித்து வைப்பதைப் போல, அது சில துண்டுகளைக் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் பரிமாற ஆரம்பிக்கிறது. நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் விலை அந்தப் பதினைந்து நொடி.

அதன் விளைவை அன்று கண்ணெதிரே பார்த்தேன். பெண்கள் நாலு பேரும் கணுக்கால் நனைய நின்றார்கள். ஓர் அலை கொஞ்சம் பெரிதாக வந்து முழங்கால் வரை அடித்தது. கூச்சல் போட்டுக்கொண்டு பின்வாங்கி உலர்ந்த மணலுக்கு வந்து, செருப்பைத் தேடி, சிரித்து முடித்துவிட்டார்கள். அப்போதுதான் கமெண்ட் வந்தது, தம்பியின் கணக்கிலிருந்து: “தண்ணிகிட்ட போகாதடி.” அம்மா சொல்ல, தம்பி தட்டியிருக்கிறான். அம்மாவுக்கு அலை இப்போதுதான் வந்திருக்கிறது. “வந்துட்டேம்மா, வந்துட்டேன், மணல்லதான் நிக்கிறேன்” என்று இவள் போனைத் தரையைக் காட்டித் திருப்பினாள். அந்தப் பதில் அம்மாவைச் சேர இன்னும் பதினைந்து நொடி. அதற்குள் மறுபடி இரண்டு கமெண்ட்: “சொன்னா கேளு.” “ஏய்.”

மற்றக் கமெண்டுகள் என்னென்ன என்று எட்டிப் பார்த்தேன், அவளும் மறைக்கவில்லை. சாப்டியா. பக்கத்துல யாரு, தேனிப் பொண்ணா. அந்தச் சுடிதார் எப்ப எடுத்த. முடி வெட்டிட்டியா. பாட்டி கேக்குது நீ எப்ப வருவன்னு. ஒன்றுகூட கோயிலைப் பற்றி இல்லை, கடலைப் பற்றி வந்ததும் ‘கிட்டப் போகாதே’ மட்டும்தான். லைவ் போடுகிறவர்களைப் பார்த்து, ஊர் சுற்றுவதைக் கூட விளம்பரப்படுத்த வேண்டுமா என்று அலுத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. என் வயதுக்காரர்கள் அதில் அதிகம். யூடியூபில் பணம் பார்ப்பதற்காகப் படுக்கையறை வரைக்கும் காட்டுகிறவர்களை வைத்து அவர்கள் பேசுகிறார்கள். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் மணலில் நடக்கும் லைவ்களில் பாதிக்குமேல் இந்த வகை. விசேஷ வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டு எல்லோருக்கும் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு வருகிறோமே, அது. வெளியூரில் வேலைக்கு விட்டிருக்கும் மகள் நல்லபடியாக இருக்கிறாள், நாலு பேரோடு சிரிக்கிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள் என்பதற்கு அத்தாட்சி. கோயில் அதற்குப் பின்திரை.

முகத்தைக் காட்டுவது இந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2021 டிசம்பரைச் சொல்ல வேண்டும். ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு கெட்டு 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. இரவோடு இரவாகப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சோறு, தண்ணீர், தங்குமிடம் என்று கோரிக்கைகள் பல இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே நின்ற கேள்வி, எங்கள் தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது. யாரும் இறக்கவில்லை. அதை வாயால் சொன்னால் அன்றைக்கு அங்கே எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் விடுதிகள் மீது அரசின் கண் விழுந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறந்தார்கள்.

வேலை நேரத்தில் இந்தப் பெண்கள் முகம் காட்ட முடியாது. போன் செய்யும் ஆலைகளுக்குள் சொந்தப் போனுக்குப் பெரும்பாலும் இடமில்லை. “உள்ள போறப்ப லாக்கர்ல வெச்சிட்டுப் போயிடணும் சார். ஷிஃப்ட் முடிஞ்சு எடுத்தா முப்பது மிஸ்டு கால் இருக்கும், பாதி எங்கம்மா” என்றாள். எட்டு மணி நேரம் கையில் ஓடுவது போன், தன் போன் மட்டும் பூட்டில். லைவ் நுழைய முடியாத இடங்கள் இந்தக் கரையில் வேறும் உண்டு. தெற்கே கல்பாக்கம், அங்கே கேமராவைத் தூக்கினாலே காவலர் வந்துவிடுவார். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, உலகத்துக்கே ஒவ்வொரு காய் நகர்வும் நேரலையில் போனது, ஆனால் ஆடுகிறவர் பையில் ஒரு போன் இருந்தால் ஆட்டமே போச்சு. குகேஷ் முதல் பலகையில் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்ததை நம்மில் பெரும்பாலோர் திரையில்தான் தொடர்ந்தோம்.

இன்னொன்று கடல். மூக்கையூர், தூத்துக்குடி மீனவர்கள் நடத்தும் யூடியூப் சேனல்களை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். வலை வளைப்பது, படகிலேயே குழம்பு வைப்பது எல்லாம் வரும். எதுவும் லைவ் அல்ல. கரையை விட்டுச் சில கடல்மைல் போனதுமே சிக்னல் கோடு ஒவ்வொன்றாக இறங்கிவிடும். பிடித்துவைத்ததைக் கரைக்கு வந்துதான் ஏற்ற வேண்டும். மாமல்லபுரத்துப் படகுக்காரர்களுக்கும் இதே நிலைதான். கடலுக்கு அடியில் சிங்கப்பூர் வரை கேபிள் போகிறது, மேலே பத்து மைலில் இருக்கும் படகிலிருந்து வீட்டுக்கு ஒரு முகம் காட்ட முடியாது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துப் பக்கம் கரை கடந்தபோது காற்றை மொட்டைமாடியிலிருந்து லைவில் காட்டியவர்கள் ஏராளம். மின்சாரம் போய், டவர் பேட்டரி தீர்ந்ததும் ஒவ்வொரு லைவாக நின்றது. நல்லவேளை, படகுகள் அன்று கடலில் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் இதே கரையில் கடல் உள்வாங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதுவரை கண்டிராத கற்கள் வெளியே தெரிந்ததாகச் சொல்வார்கள். யூடியூபே அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான். அந்தக் காட்சி அவர்கள் வாயோடு நிற்கிறது.

இப்போது தலையைக் காட்டுவதற்கே தகுதி கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து இன்ஸ்டாகிராமில் லைவ் போட 1,000 பேர் பின்தொடர வேண்டும், கணக்கும் பொதுவில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் வரை பத்துத் தோழிகளுக்காகப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கதவு சாத்தியாயிற்று. ஃபேஸ்புக்கில் 2024 ஜூன் முதலே 100 பேர், கணக்குக்கு 60 நாள் வயது. யூடியூபில் போனிலிருந்து போட 50 சந்தாதாரர். லைவ் என்றால் மேடை, மேடைக்குக் கூட்டம் வேண்டும் என்பது கம்பெனிகளின் கணக்கு. ஒரு லைவை நடத்த ஆகும் செலவைப் பார்த்தால் அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை: மூன்று பேர் பார்த்தாலும் மூவாயிரம் பேர் பார்த்தாலும் நறுக்கும் வேலை ஒன்றுதான். ஆனால் அம்மா, சித்தப்பா, தம்பி என்று மூன்று பேர் பார்க்கிற லைவுக்கு மூவாயிரம் பேர் எதற்கு? என்னைக் கேட்டால், மேடை வேண்டும் என்கிறவனிடம் டிக்கெட் கேட்கட்டும். தலையைக் காட்ட வந்தவளை வாசலில் நிறுத்துவது அழகில்லை. இந்தப் பெண்ணுக்கு நூற்றுக்கு மேல் இருந்தார்கள், ஊரே பின்தொடர்கிறதாம். அறைத்தோழி ஒருத்திக்கு எண்பது சொச்சம். அதனால்தான் நாலு பேருக்கும் ஒரே போன்.

லைவ் பதினோரு நிமிடம் ஓடியது. அதிகபட்சமாக ஒரே சமயத்தில் பார்த்தவர்கள் ஒன்பது பேர். போனின் பின்பக்கம் சூடேறி, திரை மங்கி, சார்ஜ் நாலு சதவீதத்துக்கு வந்ததும் “வெக்கிறேன், பை, பாட்டிகிட்ட சொல்லிடு” என்று அணைத்தாள். அணைத்த பிறகும் அந்த லைவ் சாகவில்லை. அவள் பக்கத்தில் ஒரு சாதாரண வீடியோவாக உட்கார்ந்துகொண்டது. வேலை முடிந்து வரும் அத்தைமார் ராத்திரி பார்ப்பார்கள், அலை வரும் இடத்தில் அவர்களும் ‘போகாதடி’ என்று எழுதுவார்கள். ஆனால் அதற்கும் கெடு உண்டு. 2025 பிப்ரவரி 19ஆம் தேதியிலிருந்து ஃபேஸ்புக் லைவ் வீடியோக்களை 30 நாள்தான் வைத்திருக்கிறது. பிறகு அழித்துவிடும். வேண்டுமென்றால் நாமே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். ஐஸ்க்ரீம் வண்டிக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டே திரும்பினாள்.

“அழிஞ்சா அழியட்டும் சார், போன்ல எடமில்ல. அடுத்த வாரம் லீவு ஒண்ணா கெடைச்சா வண்டலூர் ஜூ போறோம். அங்க உள்ளாற டவர் எடுக்குமா?”